பழுதைக் கண்டறிவதற்கு ஒரு கூலி

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தபோது ஒரு முறையும், 2020இல் பெருந்தொற்றின் நிமித்தம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைவழியே நடக்கத் தலைப்பட்டபோது மறுமுறையும், சோமனூர் வட்டாரத்து விசைத்தறி வீடுகளுக்குள் கணிப்பொறிகள் கூட்டங்கூட்டமாக நுழைந்தன. அவற்றுள் பல, கோயமுத்தூரிலோ திருப்பூரிலோ உதிரி பாகங்களை வாங்கிக் கோத்துக் கொடுக்கப்பட்டவை. சில, கம்பெனிகள் கழித்துப்போட்டதை வாங்கி விற்பவர்களிடமிருந்து வந்தவை. 2011இல் தொடங்கிய அரசாங்கத்தின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த பிள்ளைக்குக் கிடைத்து, அவன் வேலைக்குப் போன பிறகு தம்பி தங்கைகளிடம் வந்து சேர்ந்து, விசைப்பலகையில் இரண்டு எழுத்துக்களை இழந்தும் இன்னும் ஓய்வு பெறாதவையும் உண்டு. எவ்வழியில் வந்ததாயினும், இன்று அந்த யந்திரம் கணக்குப்பிள்ளையின் வேலையையும் வாத்தியாரின் வேலையையும் ஒருங்கே பார்க்கிறது.

அதிகம் கேட்காதவரை இவை சாதுவான யந்திரங்கள்தாம். வரிக்கணக்குப் பதிவதற்கும், நெசவுக் கூலிப் பட்டியல் அச்சடிப்பதற்கும், பிள்ளைகள் படம் பார்ப்பதற்கும் ஒரு குறையும் சொல்லாமல் உழைக்கின்றன. ஆனால், புதிதாக ஏதேனும் ஒரு பெரிய மென்பொருளை, அது கணக்கெழுதும் செயலியின் அடுத்த பதிப்பாக இருந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஆதாரமான இயங்குதளமாகவே இருந்தாலும் சரி, ஏற்றத் துணிந்தால் அப்போது தொடங்குகிறது சங்கடம். பாதி தூரம் போனதும் திரை உறைந்து நிற்கிறது. அல்லது நீலநிறம் பூண்டு, புரியாத எழுத்துக்களில் எதையோ சொல்லிவிட்டு மீண்டும் முதலிலிருந்து கிளம்புகிறது. அல்லது ஒரு வார்த்தையும் சொல்லாமல் அணைந்தே போகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டபடியால், பழைய யந்திரங்களில் புதிய தளத்தை எப்படியேனும் ஏற்றிவிட வேண்டும் என்ற முயற்சி வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதோடு இந்தச் சங்கடமும் பெருகியிருக்கிறது.

பிறகு, யந்திரத்தை ஒரு சாக்குப் பையில் வைத்து இருசக்கர வண்டியின் முன்புறத்தில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகிறோம். அங்கே நடக்கும் சம்பாஷணை நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஏந் தம்பி, சாப்ட்வேர் போட்டா பாதியிலேயே நின்னு போகுது. என்னன்னு பாரு."

"சாப்ட்வேர் கம்ப்ளெயிண்டுதானுங்ணா. பார்மட் போட்டுட்டா சரியாயிருமுங்க. சாயங்காலமா வந்து வாங்கிக்குங்க."

சாயங்காலம் யந்திரம் சரியாகிவிட்டது போலத்தான் தோன்றும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, இன்னொரு மென்பொருளை ஏற்றும்போது, அதே யந்திரம் அதே பிணக்கைச் செய்யும். மறுபடியும் சாக்குப் பை, மறுபடியும் பார்மட். இந்தச் சுழற்சிக்குக் கடைக்காரத் தம்பியின் அறியாமையோ கபடமோ காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. பழுதைக் கண்டறிவது என்பதும் ஒரு தொழில், அதற்கும் நேரமும் புத்தியும் செலவாகின்றன, ஆகையால் அதற்கும் கூலி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள நாம் மறுப்பதே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். கூலி என்ற சொல்லைச் சுற்றியே தன் அரசியலையும் போராட்டங்களையும் நடத்திவரும் ஒரு ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது விசித்திரந்தான்.

முதலில், மென்பொருளை ஏற்றும் வேளையில் மட்டும் யந்திரம் ஏன் விழுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு மென்பொருள் நம் கைக்கு வரும்போது இறுக்கிச் சுருட்டிய மூட்டையாக வருகிறது. அதை ஏற்றுவது என்றால், வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ அந்த மூட்டையைப் படித்து, நினைவகத்தில் விரித்து, ஒவ்வொரு பகுதியும் அனுப்பியவர் அனுப்பியபடியே இருக்கிறதா என்று கூட்டுத்தொகை போட்டுச் சரிபார்த்து, மீண்டும் வட்டில் ஆயிரக்கணக்கான கோப்புகளாக எழுதுவது என்று அர்த்தம். கடிதம் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் யந்திரம், இந்த அரைமணி நேரத்தில் மையச் செயலி, நினைவகம், வட்டு, மின்வழங்கி ஆகிய அனைத்தையும் ஏககாலத்தில் முழுப் பலத்துடன் உபயோகிக்கிறது. படத்தில் ஒரு புள்ளி தவறினால் கண்ணுக்குத் தெரியாது. சுருட்டிய மூட்டையிலோ ஒரே ஒரு துண்டு மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் அனைத்தும் குழம்பிவிடும். ஆகவே, வெகுநாளாக உள்ளுக்குள் இருந்த பலவீனம் வெளிப்படும் தருணமே அது. அந்த நேரத்தில் கையில் இருந்தது மென்பொருள் என்பதனால் பழியும் அதன்மேல் விழுகிறது.

இந்தப் பழிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்தில், ஒரு சாமானியச் செயலி தவறு செய்தால் யந்திரம் முழுவதையுமே கவிழ்த்துவிடக்கூடிய நிலைமை உண்மையாகவே இருந்தது. 1998 ஏப்ரல் 20ஆம் தேதி சிகாகோ நகரில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, விண்டோஸ் 98இன் மகிமையை விளக்கவந்த அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை இணைத்தவுடன், அதற்கான மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பிரசித்தி பெற்ற நீலத்திரை பெரிய திரையில் எழுந்ததையும், சபை கைகொட்டிச் சிரித்ததையும் உலகமே பார்த்தது. ஆனால் 2001 அக்டோபரில் வீட்டு உபயோகத்துக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி வந்ததிலிருந்து ஏற்பாடு மாறிவிட்டது. சாமானியச் செயலிகளுக்கு ஒரு எல்லை, இயங்குதளத்தின் கருப்பகுதிக்கு வேறொரு எல்லை என்று பிரித்துவைத்துவிட்டார்கள். இன்று கணக்கெழுதும் செயலி ஒன்று ஏறும்போது தவறு நேர்ந்தால், அந்தச் செயலி தன் பிழையைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ள வேண்டுமேயொழிய, யந்திரத்தையே வீழ்த்தும் சக்தி அதற்குக் கிடையாது. யந்திரமே விழுகிறதென்றால், கருப்பகுதிக்குள் புகும் உரிமை பெற்ற டிரைவர், வைரஸ் தடுப்பான் முதலியவற்றில் ஒன்றின்மேல் சந்தேகம் கொள்ளலாம். அல்லது வன்பொருளின்மேல் கொள்ளலாம். 'சாப்ட்வேர் கம்ப்ளெயிண்டு' என்ற பொதுத்தீர்ப்பு, கால் நூற்றாண்டுக்கு முந்தைய யந்திரங்களுக்கு எழுதப்பட்டது.

மென்பொருள் குற்றவாளியே அல்ல என்று நான் வாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் தேதி க்ரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு திருத்தக் கோப்பினால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் யந்திரங்கள் உலகெங்கும் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்த மென்பொருள் கருப்பகுதிக்குள் புகும் உரிமை பெற்ற இனத்தைச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பரிகாரமும் பார்மட் அல்ல. யந்திரத்தைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும் என்று கண்டறிந்து சொன்னார்கள். கண்டறிந்தபடியால் அல்லவா ஒரு கோப்போடு போயிற்று? நம் ஊர் வழக்கப்படி அன்று உலகம் நடந்திருந்தால், 85 லட்சம் யந்திரங்களின் சகல தஸ்தாவேஜுகளும் துடைத்தெறியப்பட்டிருக்கும்.

வன்பொருளில் முதற் சந்தேகத்துக்குரியது நினைவகம். இதைப்பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. 1947ஐ ஒட்டி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர், ரிலேக்களால் ஆன ஒரு கணக்கிடும் யந்திரத்தை வார இறுதிகளில் உபயோகித்துவந்தார். யந்திரத்துக்குத் தன் பிழையை உணரும் திறமை இருந்தது. ஆனால் ஆளில்லாத நேரத்தில் பிழையைக் கண்டுவிட்டால், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவருடைய கணக்குக்குத் தாவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தம் கணக்கு நடக்கவே இல்லை என்பதை அடுத்தடுத்து இரண்டு வாரம் கண்ட ஹாமிங்குக்கு, பிழை இருக்கிறது என்று அறியத் தெரிந்த யந்திரத்துக்கு அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்து திருத்திக்கொள்ளவும் ஏன் தெரியக்கூடாது என்ற கோபம் பிறந்தது. அந்தக் கோபத்தின் விளைவாக 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீட்டு முறையின் வழித்தோன்றல்களே இன்று வங்கிகளிலும் பெரிய தரவு மையங்களிலும் உள்ள நினைவகங்களைக் காக்கின்றன. வீட்டுக் கணிப்பொறிகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. எட்டுச் சில்லுக்கு ஒரு சில்லு அதிகம் வைக்கவேண்டும் என்பதும், அதற்கேற்ற தாய்ப்பலகையும் மையச் செயலியும் வேண்டும் என்பதும், அந்தச் செலவை வாங்குகிறவர் ஏற்கமாட்டார் என்பதுமே காரணம்.

நினைவகம் அவ்வளவு சுலபமாகவா கெடும் என்று கேட்கலாம். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் நிறுவனத்தார் இருவருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கூகுளின் யந்திரங்களில் இருந்த நினைவகப் பலகைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை ஒரு வருஷத்துக்குள் பிழை செய்தன என்றும், அவற்றுக்குத் தற்செயலான காரணங்களைவிடப் பலகையிலேயே உள்ள நிரந்தரக் குறைபாடுகள்தாம் அதிகப் பொறுப்பு என்றும் கண்டார்கள். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தார் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணிப்பொறிகளின் வீழ்ச்சி விவரங்களைப் பரிசீலித்தபோது, வன்பொருட் பழுதினால் ஒரு முறை விழுந்த யந்திரம் மறுமுறை விழும் வாய்ப்பு பன்மடங்கு, சில பழுதுகளில் நூறு மடங்கு வரையிலும், கூடிவிடுகிறது என்று தெரிந்தது. 'ஏதோ ஒரு தடவை நின்னுபோச்சு, மறுபடி போட்டா ஏறிடும்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இனி, நம் வட்டாரத்துக்கே உரிய விசேஷங்களுக்கு வருகிறேன். தறிக்கூடமும் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர் இது. கஞ்சி போட்ட பாவு நூல் விழுதுக் கண்களிலும் அச்சிலும் இடைவிடாது உரசி உதிர்க்கும் பஞ்சும் கஞ்சித் துகளும் தறிக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. சமையலறை ஜன்னல் கம்பி வரையில் வந்து படிகின்றன. அறைக்காற்றை உள்ளிழுப்பதே தொழிலாகக் கொண்ட கணிப்பொறியின் விசிறி அவற்றையும் சேர்த்து இழுக்கிறது. சோமனூரில் நாலைந்து வருஷம் உழைத்த ஒரு சிபியூ பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, செயலியின்மேல் திருகப்பட்டிருக்கும் விசிறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். விசிறிக்கும் அதன் கீழிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, விசிறியின் வட்டத்துக்குச் சரியாக, சாம்பல் நிறத்தில் ஒரு துணித்துண்டு கிடக்கும். யாரும் நெய்யாத துணி. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாகவே உரிந்து வரும். அதன் கீழே தகடுகள் புதிது மாதிரி பளபளப்பாக இருக்கும், ஏனென்றால் அத்தனை காலமும் காற்று அங்கே போய்ச் சேரவே இல்லை. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பசையும் உலர்ந்து பொருக்காகியிருக்கும்.

இத்தகைய யந்திரம் கடிதம் அடிக்கும்போது தாக்குப்பிடிக்கும். அரைமணி நேரம் மூட்டை விரிக்கச் சொன்னால், செயலியின் உஷ்ணம் ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், எரிந்துபோவதைத் தவிர்க்கும் பொருட்டு, முன்னறிவிப்பின்றி அணைந்துவிடும். மற்ற ஊர்களில் விசிறியின் இரைச்சலே வீட்டாருக்கு எச்சரிக்கையாக அமைகிறது. தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது எங்கே கேட்கப் போகிறது? கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டிருந்தபோது, வீட்டுக் கணிப்பொறி இவ்வளவு சத்தம் போடும் என்பதையே அப்போதுதான் கவனித்தோம் என்று சிலர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மின்சாரம் இன்னொன்று. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பிய வேளையில், ஒரே டிரான்ஸ்ஃபார்மரை நம்பியிருக்கும் தறிக்கூடங்கள் அடுத்தடுத்துக் கிளம்பினால், அந்தத் தொடரிலுள்ள வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணிப்பொறியின் மின்வழங்கிக்கு விதிக்கப்பட்ட தரம், வரவு நின்றாலும் ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாங்கவேண்டும் என்பது. நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. தரமான மின்வழங்கியின் நிலைமையே இது என்றால், பெட்டியோடு இனாமாக வந்த மலிவான மின்வழங்கி, அதுவும் உள்ளே கெப்பாசிட்டர்கள் தலை உப்பிய பருவத்தில், யந்திரம் முழுப்பலத்தோடு உழைக்கும் நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம். யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அதன் பாட்டரிக்கு வயது என்ன என்று கேட்டால் பதில் வராது.

ஆக, நினைவகம், உஷ்ணம், மின்சாரம், வட்டு, மென்பொருள் என்று சந்தேகத்துக்குரியோர் பலர் நிற்கையில், யார் குற்றவாளி என்று நிர்ணயிப்பது எப்படி? இங்கே நம் ஊர்த் தொழிலே நமக்கு வழிகாட்டுகிறது. துணியில் ஒரு குறை விழுந்தால் நெசவாளி துணியைத் திட்டுவதில்லை. அந்தக் குறை ஒரே இடத்தில் நீளவாக்கில் தொடர்கிறதா, அங்கங்கே சிதறி விழுகிறதா என்று முதலில் பார்க்கிறார். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடினால் பாவையும் அச்சையும் போய்ப் பார்க்கிறார். குறுக்கே விட்டுவிட்டு விழுந்தால் ஊடையையும் நாடாவையும் பார்க்கிறார். கணிப்பொறிக்கும் அந்தக் கேள்வியே முதற்கேள்வி. ஏற்றும் காரியம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா, முறைக்கு ஒரு இடத்தில் நிற்கிறதா? அதே இடத்தில், அதே கோப்பின் பெயரைச் சொல்லி நின்றால், மூட்டையோ அது வந்த பென் டிரைவோ, குறிப்பிட்ட ஒரு டிரைவரோ பழுது. வேறொரு பிரதி எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு முறை இருபது சதவீதத்திலும், மறுமுறை எழுபதிலும், ஒரு முறை கோப்பு சிதைந்துள்ளது என்றும், மறுமுறை ஒன்றுமே சொல்லாமலும் நின்றால், மென்பொருளை மறந்துவிட்டு நினைவகத்தையும் உஷ்ணத்தையும் மின்சாரத்தையும் தேடிப் போகவேண்டும்.

அந்தத் தேடலுக்கு வேண்டிய உபகரணங்கள் பெரும்பாலும் இலவசம். விண்டோஸிலேயே விஸ்டா காலத்திலிருந்து நினைவகப் பரிசோதனை ஒன்று அடங்கியிருக்கிறது. அதைக் காட்டிலும் கண்டிப்பானது, 1994இல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதிய மெம்டெஸ்ட்86ம் அதன் கிளைகளும். பென் டிரைவிலிருந்து இயங்குதளம் எதுவுமின்றியே அது ஓடும். இரவு படுக்கப்போகும்போது ஓடவிட்டு, விடிந்ததும் சிவப்பில் ஒரு வரி இருந்தாலும், நினைவகத்தை நம்பக்கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பலகைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும், பிறகு மற்றொன்றை. நம் கடைத் தம்பிகள் பலகையின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகுவார்கள். அது பரிகசிக்கத்தக்க காரியமன்று, முனையில் படிந்த மாசே பழுதாக இருந்தால் அதனாலேயே தீர்ந்துவிடும். தூசியை ஊதி எடுப்பதற்குத் தறிக்கூடத்து ப்ளோயரே போதும். ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது தாங்காத வேகத்தில் சுழன்று பேரிங் போய்விடும். தறிகள் நிற்கும் விடுமுறை நாளில் சிக்கலின்றி ஏறும் மென்பொருள் தறி ஓடும் நாளில் ஏறாமல் அடம்பிடித்தால், மின்சாரத்தின்மேல் சந்தேகம் கொள்ள அதுவே போதிய முகாந்திரம். யந்திரத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர், எண் 41 என்ற குறிப்பைக் கண்டதும் மின்வழங்கியை மாற்றச் சொல்லிவிடுவோரும் உண்டு. அந்தக் குறிப்புக்கு யந்திரம் முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் ஓர் அர்த்தமும் கிடையாது, ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை.

இவ்வளவையும் செய்ய அறிவு வேண்டும் என்பதைவிடப் பொறுமை வேண்டும் என்பதே உண்மை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைத்து, அடுத்ததற்குப் போவதற்கு ஒரு முழு இரவோ இரண்டு நாளோ ஆகும். பார்மட்டுக்கோ இரண்டு மணி நேரம் போதும். அதற்கு ஒரு நிர்ணயமான கட்டணம் உண்டு. வாடிக்கைக்காரர் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுகிறார். அதே மனிதரிடம், 'இரண்டு நாள் வைத்துப் பார்த்தேனுங்க, நினைவகம் கெடவில்லை, வட்டும் கெடவில்லை, வெறும் பஞ்சுதான் அடைத்திருந்தது, சுத்தம் செய்துவிட்டேன்' என்று சொல்லி ஒரு தொகை கேட்டுப் பாருங்கள். 'ஒண்ணுமே மாத்தலை, எதுக்குக் காசு?' என்பார். உதிரி பாகம் ஒன்றை மாற்றினால் கூலி உண்டு, மாற்ற வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தால் கூலி இல்லை என்ற நியதியை நாமே வகுத்துவிட்டு, கடைக்காரர் வேண்டாத பாகத்தை விற்கிறார் என்று குறைகூறுவது நியாயமாகாது. அவர் பிழைக்கவேண்டாமா?

தறி மெக்கானிக்கிடம் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவர் வந்து தறியை ஓட்டச் சொல்லி, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டு, ஒரே ஒரு நட்டை அரைத் திருகு திருகிவிட்டுப் போனாலும், அவருடைய காதுக்குக் கூலி கொடுக்கிறோம். அந்த நட்டு எது என்பதை அறிவதில்தான் முப்பது வருஷத்து அனுபவம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. கணிப்பொறி விஷயத்தில் மட்டும், திரைக்கு வெளியே சப்தமும் அசைவும் இல்லாத காரணத்தால், அங்கே உழைப்பே நடக்கவில்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

பார்மட் மலிவு என்பதும் பிரமை. வட்டைத் துடைத்தெழுதும்போது போவது எது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் தம் கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த வருஷத்தின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் முடியும் வரையில் பாதுகாக்கவேண்டும் என்கிறது. டி டிரைவில் பிரதி இருக்கிறது என்ற தைரியத்தில் நாம் யந்திரத்தை ஒப்படைக்கிறோம். கணக்குச் செயலி தன் தரவுகளை சி டிரைவில் வைத்திருந்தது என்பது சாயங்காலம் தெரியவருகிறது. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: நினைவகம் பழுதாயிருக்கும் யந்திரத்தில் புதிதாக ஏற்றிய இயங்குதளம், ஏறும்போதே கோணலான கோப்புகளோடு ஏறியிருக்கலாம், அது அன்றைக்கு ஓடும், ஒரு மாதம் கழித்து வேறு வேஷத்தில் வந்து நிற்கும். மூலகாரணத்தைத் தொடாமல் செய்த பார்மட், பழைய பழுதின்மேல் புதிய பழுதை எழுதிவிட்டுப் போகிறது.

வசதியில்லாத குடும்பங்கள் பரிசோதனைக்கென்று தனியே எப்படிக் கொடுக்கும் என்ற ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபம், அதிலும் தறி ஓடாத மாதங்களில் ஒரு நூறு ரூபாய்க்குக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால், வருஷத்துக்கு மூன்று பார்மட்டுக்கும், தேவையில்லாமல் மாற்றிய ஒரு மின்வழங்கிக்கும் அதே குடும்பம்தானே கொடுக்கிறது? பரிசோதனைக்கு இவ்வளவு என்று கடைச்சுவரில் எழுதிப் போட்டு, எதைச் சோதித்தோம், என்ன கண்டோம், எது நன்றாக இருக்கிறது என்று நாலு வரி கையால் எழுதி ரசீதோடு கொடுக்கும் வழக்கம் ஒன்று ஏற்பட்டால், அடுத்த முறை வேறு கடைக்குப் போனாலும் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. பழுது பார்க்காமலே யந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவரும் அந்தத் தொகையைக் கொடுக்கவேண்டும்; பழுது பார்த்துக்கொள்கிறவருக்கு வேண்டுமானால் அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிப்பொறி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்பு என்ற ஒரு வருஷப் பாடப்பிரிவு இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளுக்கு, பாகங்களைக் கோத்து யந்திரம் உருவாக்கவும் இயங்குதளம் ஏற்றவும் கற்பிப்பதோடு, வேண்டுமென்றே ஒரு பலகையைக் கெடுத்தோ, விசிறியில் பஞ்சை அடைத்தோ, மின்வழங்கியைத் தளர்த்தியோ வைத்த யந்திரம் ஒன்றைக் கொடுத்து, எதையும் மாற்றாமல் காரணத்தை மட்டும் எழுதித் தரும்படி பரீக்ஷை வைத்தால் நன்று. சோமனூர், பல்லடம் பக்கத்து நிலையங்களுக்குப் பஞ்சு வெளியிலிருந்து வாங்கவேண்டிய செலவும் இராது.